சுவருக்குள் போன அடுப்பு

அன்பு மகன் ஹஸ்ஸானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே ரங்கூனில் நாங்கள் இருக்கிறோம், நீயும் கொரியாக் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். லான்மடாவில் மழை விட்டுவிட்டது, கரண்ட் மட்டும் பழைய மாதிரிதான், வந்தால் மோட்டார் போட ஓடுகிறோம். இதைப் போனில் சொல்லலாமென்றால் உன் மச்சி நிலோஃபர் பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கும் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதி ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கொரியா போகும்போது ஷ்வேப்யிதா பேட்டைப் பட்டறையில் செய்து கொடுத்த இரும்பு விறகடுப்பு இப்போது இல்லை வாப்பா, கோபப்படாதே. நம் அடுப்பங்கரை எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும், நாலு காலில் அது நடுவில் நின்றால் இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி ஒதுங்கித்தான் போகணும், சுற்றிலும் அனல், ஜன்னல் வழியாகப் போகிற குழாயில் பாதிப் புகை திரும்பி வரும். உன் காக்கா, என் மூத்தவன் கபீரும் அவன் பெண்டாட்டி நிலோஃபரும் முதலிலேயே சொன்னார்கள், வெள்ளைக்காரன் காலத்துப் புகைபோக்கி சுவரில் அடைத்துக் கிடக்கிறதே, அதைத் திறந்து உள்ளே பொருந்துகிற மாதிரி பெட்டி அடுப்பு வைக்கலாம் என்று. நான்தான் விடவில்லை. என் மகன் செய்து கொடுத்தது, என் கண் முன்னால் அது நிற்கும் என்று பிடிவாதம் பிடித்தேன், மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாமென்று நிலோஃபரும் விட்டுவிட்டாள்.

அவள் கை சுட்ட கதை உனக்குத் தெரியும், கால் வழுக்கி அடுப்பின் மேல் விழுந்தாள் என்றுதான் உனக்கும் சொன்னோம். நடந்தது அது இல்லை. அன்றைக்கு ஜும்ஆவுக்கு நெய்ச்சோறு வைத்துவிட்டு உப்பு எடுக்க நான் திரும்பினேன், இடுப்பில் கட்டியிருந்த என் லோஞ்சியின் ஓரம் அடுப்பு வாயில் பட்டுப் பிடித்துக்கொண்டது, எனக்குத் தெரியவே இல்லை. அவள்தான் பாய்ந்து வந்து என்னைத் தள்ளி, துணியை வெறும் கையால் கசக்கி அணைத்தாள், அதில் நிலை தவறி வலது கை முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை அந்த இரும்பில் அப்படியே ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் எப்படிச் சுட்டது என்று கபீர் கேட்டதும் நான் வாய் திறக்கும் முன்னே, கால் வழுக்கிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்பை வைக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று கபீர் கேட்பான் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு நீ போனில், என்ன மச்சி, தூங்கிக்கொண்டே சமைப்பீர்களா என்று கிண்டல் செய்தாய், அவளும் சிரித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நானே சரி என்று சொல்லி வைத்த புது அடுப்பு நன்றாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. பட்டறைக்கார அப்பாசாமி சுவரை உடைத்து, புகைபோக்கியில் புறாக் கூடெல்லாம் எடுத்து, மொட்டை மாடி வரை உள்ளேயே குழாய் விட்டு, இரும்புப் பெட்டியைச் சுவருக்குள் தள்ளிப் பூசிவிட்டார். உன் அடுப்பின் கதவைக் கழற்றி இதற்கே மாட்டச் சொன்னேன், அதுவாவது இருக்கட்டும். மேலே சட்டி வைக்கிற இடம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், புகையே இல்லை. பற்ற வைத்த அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம், இனி நீ ஆடி விழுந்தாலும் சுடாது என்று கபீர் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் இடது கையால் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை, ஏன் உம்மா இத்தனை நாள் எங்களை அவளைக் கேலி பேச விட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். மாமி பயந்துபோயிருந்தாங்க, விடுங்க என்று அவள்தான் பின்னாலேயே போனாள். இன்னும் அவன் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். அது எனக்கு வேண்டியதுதான்.

புண் ஆறிவிட்டது, ஆனால் தோல் இழுத்துக்கொண்டு விரல் மடங்கவில்லை, கத்தரி பிடிக்க முடியாமல் அவள் எடுத்திருந்த தையல் வேலை எல்லாம் அப்படியே கிடக்கிறது. தினமும் எண்ணெய் தேய்த்து விரலை மடக்கி விடுகிறேன், வேண்டாம் மாமி என்கிறாள், நான் கேட்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

நேரம் தவறாமல் தொழு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்து எங்கள் கண்ணில் காட்டட்டும். இதைப் படித்ததும் கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், உன் மச்சி போனுக்கே கூப்பிடு, உம்மா எப்படி இருக்கிறார்கள் என்று ஆரம்பிக்காதே, அவள் கை எப்படி இருக்கிறது என்று கேள்.

உன் நலத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்
உம்மா நூர் பீவி