இருபத்துமூன்று பேர் என்று போட்டிருந்தது

1957 டிசம்பர் 19, வியாழன்

இந்த டைரி போன வருஷத்தினுடையது. தோட்டத்துத் துரை ஆபீஸில் எழுதாமலே கழித்துப் போட்டதை எடுத்துக்கொண்டேன். இன்றைய தேதிக்கு நேரே புதன் என்று அச்சடித்திருக்கிறது. அடித்துவிட்டு வியாழன் என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் அச்சைத் திருத்துகிறான். காலம்தான்.

காலையில் தபால் பையோடு ராகலைக்கு இறங்கி, பகலுக்கு மேல் ஏறி வந்தேன். துரைக்கு இங்கிலீஷ் பேப்பர், பெரிய கிளாக்கர் செபஸ்தியாம்பிள்ளை ஐயாவுக்குத் தமிழ்ப் பேப்பர். ஐயா படித்து முடித்தது மறுநாள் என் கைக்கு வரும். அந்திக்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவேன். தேயிலை விலை என்றால் தூங்குகிறார்கள். யானை மிதித்தது என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதனால் யானையைக் கொஞ்சம் பெரிதாக்கி வாசிப்பது என் வழக்கம்.

மகள் மீனம்மா தலைப்பிரசவத்துக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மாப்பிள்ளை சோலைமலைக்கு டயகமவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் வேலை. லீவு இல்லையாம், தைப் பொங்கலுக்குத்தான் வருவாராம். அவள் முகம் அன்றிலிருந்து ஆறிய தேத்தண்ணி மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. துணி காயவில்லை. ஆடு இருமுகிறது. நானும்.

டிசம்பர் 23, திங்கள்

வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ராகலைத் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், மேலே அணை உடைந்துவிட்டது, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்றான். எந்த அணை, யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. ஏறி ஓடிவந்து லயத்தில் சொன்னேன். சொல்லும்போது, தண்ணீரை நானே கண்ணால் பார்த்தது போலக் கையை வேறு உயர்த்திக் காட்டியிருக்கிறேன். நாலு லயத்து ஜனமும் சட்டி பானை, ஆடு, கோழிக்கூடையோடு கொட்டும் மழையில் கோயில் மேட்டுக்கு ஏறியது. எங்கள் தோட்டத்துக்கு மேலே அணை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது, மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இறங்கும்போது பழனியாண்டி அண்ணன் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டபோது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தபால்காரா, அடுத்த தடவ தண்ணி வந்தா எனக்கு மட்டும் சொல்லாத. நான் முங்கியே செத்துக்கிறேன்" என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ராகலைப் பாதையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாளாகப் பை இல்லை. பேப்பர் இல்லாத குறையைக் கடைவீதி தீர்த்து வைக்கிறது. கொழும்பு முழுகிவிட்டதாம். ரயில் ஆற்றில் போய்விட்டதாம். எது என்று கேட்டால் எல்லா ரயிலும் என்கிறார்கள்.

டிசம்பர் 28, சனி

பை வந்தது.

வளைவில் சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். ஐயா பேப்பரை நான் வழியில் பிரிக்கக் கூடாது. ஆனாலும் தினம் பிரிப்பேன்.

கல்லுமலைத் தோட்டத்தில் செவ்வாய் விடியற்காலை மண்சரிவு. லயம் ஒன்று புதைந்தது. இருபத்துமூன்று பேர் பலி. கீழே பெயர்கள். ஒன்பதாவது: சோலைமலை, வயது 26, செக்ரோல் இலக்கம் 114.

தோட்டத்து வேலைப் பதிவில் அவர் நம்பர் அது, எனக்கு மனப்பாடம். அவருக்குக் காகிதம் போடும்போது பேருக்குப் பக்கத்தில் என் கையாலேயே எழுதுவேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. பேப்பர் நனைந்து பெயர்கள் மறுபக்கத்து விளம்பரத்தோடு கலந்துவிட்டன. ஆபீஸுக்குப் போய் ஐயாவிடம் நீட்டினேன். அவர் ஏச வாயெடுத்து, படித்துவிட்டு, ஏசாமல் விட்டார்.

"துரை பேப்பர்ல என்ன போட்டிருக்குங்க ஐயா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அறுபதுன்னு போட்டிருக்கு."

"இருபத்துமூணும் அறுபதும் எப்படிங்க ஐயா ஒண்ணாகும்?"

"எதுவா இருந்தா என்னப்பா. பேர் போட்டாச்சே" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. பல்வலி என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

நான் சொல்லாவிட்டால் என்ன? என் மச்சினன் செல்லசாமி கடைவீதியில் கேள்விப்பட்டு, விடிந்ததும் வந்து நிற்கிறான். கையில் காகிதம் சுற்றிய கோடிச் சேலை. தாய்மாமன் கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவந்திருக்கிறான். அவன்மேல் பிழை இல்லை. ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னாலேயே லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி ஒப்பாரிக்குக் குரல் எடுத்தாள்.

"யாரும் அழக் கூடாது. இது என் வீடு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மச்சான், மூணாம் நாளும் போச்சு, அஞ்சாம் நாளும் போச்சு. பூவையும் பொட்டையும் வச்சுக்கிட்டு இருந்தா வயித்துல உள்ளதுக்கு ஆகாது. பொணம் கெடைக்காட்டி என்ன, மண்ணே பொதச்சிருச்சே" என்றான் செல்லசாமி.

"நீ பாத்தியா?"

"பேப்பர்லயே வந்திருச்சு. நீங்கதான படிச்சீங்க?"

"ஆமா, நான்தான் படிச்சேன். அணை ஒடஞ்சதையும் நான்தான் சொன்னேன். பழனியாண்டி அண்ணன் காலப் போயிப் பாரு."

பயத்தில் பேசுகிறேனா, நம்பிப் பேசுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளே மீனம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாலியை முஷ்டிக்குள் வைத்திருந்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

"அப்பா, நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. படிச்சேன்."

"அப்ப போயிப் பாத்துட்டு வாங்க."

என் பெண்சாதி வேலாயி அதுவரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றவள், வெளியே வந்து தம்பியிடம் சொன்னாள்: "அவரு திரும்பி வர்ற வரைக்கும் இந்த வாசப்படிய எவளாவது ஒப்பாரியோட மிதிச்சா, வெளக்குமாறுதான். ஒனக்கும் சேத்துத்தான்டா தம்பி."

முப்பது வருஷத்தில் அவள் என் பக்கம் பேசியது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று நினைவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

ஐயாவிடம் லீவு கேட்டேன். "அச்சுல வந்தது பொய்யாகுமாப்பா? சரி, மனசு ஆறப் போயிட்டு வா" என்றார். நுவரெலியா வரை நடை. தெரிந்தவர் கடையில் படுக்கை.

டிசம்பர் 31, செவ்வாய்

நானுஓயாவுக்குக் கீழே பாதையெல்லாம் மண். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர் வெட்டி ஒதுக்குகிறார்கள். குனிந்த தலையோடு அவர்களைத் தாண்டிப் போனேன்.

லிந்துலையில் ஒரு கடைக்காரர், "எங்கருந்து வாறீங்க?" என்று கேட்டார். ராகலைப் பக்கம் என்றேன்.

"ராகலையே இல்லையாமே? மொத்தமா மண்ணு மூடிருச்சாம்."

"அங்கருந்துதாங்க வாறேன்."

"அப்பிடியா, நீங்க ஒருத்தர் தப்பிச்சிட்டீங்க" என்றார், உண்மையான இரக்கத்தோடு. ஒரு தேத்தண்ணி காசு வாங்காமல் கொடுத்தார்.

குடித்துவிட்டு நடந்தபோது மனசில் சின்னதாக ஒன்று எரிய ஆரம்பித்தது. ராகலை இருக்கிறதே!

1958 ஜனவரி 1, புதன்

கல்லுமலை.

ஆறாம் லயத்தில் பாதிதான் நிற்கிறது. மற்றப் பாதி இருந்த இடத்தில் சிவப்பு மண், அதில் வேரோடு தேயிலைச் செடிகள். மாப்பிள்ளை குடியிருந்த அறை, அந்தக் காம்பிரா, மண்ணுக்குள் இருந்தது. பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளை அலோசியஸ் வந்து தூக்கினார். நல்ல மனிதர், தூங்காத கண்கள். யார் என்று சொன்னேன். "சோலைமலையா? அவன் உடம்பு கெடைக்கலீங்களே" என்றார்.

"அப்ப செத்தான்னு யாரு சொன்னது?"

அவர் மெதுவாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மண் இறங்கிய பிறகு, இருட்டோடு பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்திச் செக்ரோலைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார், தினம் வேலைக்குக் கூப்பிடுவது மாதிரியே. பதில் வராத பேர்களைத் தனியாக எழுதினார். இருபத்துமூன்று. தேடுவதற்காக எழுதியது அது. ஆபீஸ் மேசையில் கிடந்ததை, மத்தியானம் வந்த பேப்பர்காரர் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

"அதுல மூணு பேரு உடம்பு கெடைச்சது. சோலைமலையத் தவிர மத்தவங்க எல்லாம் பயந்து காட்டுக்குள்ள ஓடினவங்க. அந்தியில வந்துட்டாங்க. பேப்பர்காரரு அதுக்குள்ள போயிட்டாரு" என்றார்.

பெரட்டுக்கு வராதவன் அரைநாள் கூலிப் பேர் இழப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உயிரையே இழப்பான் என்று இன்றுதான் தெரிந்தது.

பக்கத்துக் காம்பிராக்காரி ஒருத்தி சொன்னாள்: "அவரு ஞாயித்துக்கெழமையே போயிட்டாருங்க. லீவு கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு சொல்லாம கொள்ளாம. கையில புதுக் கம்பளி. பொண்டாட்டியப் பாக்கணும்னாரு."

அப்போதே திரும்பி நடக்கலாம் போலிருந்தது.

ஆனால் உடனே கிளம்பவில்லை. அலோசியஸ் குழிகளைக் காட்டினார். ஏழு. அதில் மூன்று பேர்தான் பேப்பரில் இருந்தவர்கள். காளியாயி கிழவி வேலையை விட்டதும் பேர் வெட்டப்பட்டவள், அவளுடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் பேர் பதியும் வயதில்லை, சின்னத்தம்பி வீட்டுக்கு விருந்தாக வந்தவளுக்கு இங்கே பேரே இல்லை. செக்ரோலில் இல்லாததால் இந்த நாலு பேரும் எந்தப் பேப்பரிலும் சாகவில்லை.

ஏழு பேரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு குழியாக நின்று எண்ணினேன். யானையை ஒரு அங்குலமும் பெரிதாக்கவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

நேற்றிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கூடம், ஒவ்வொரு கோயிலாகக் கேட்டு வந்தேன். வழி அறுந்தவர்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறார்கள். எங்கும் இல்லை. மத்தியானம் நானுஓயாவுக்குக் கீழே அதே மண்சரிவு. வேலை வாங்குகிறவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவர் கையால் காட்டினார்.

சாக்குக்குள் இருந்து மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"மாமா! நீங்க எங்க இங்க? மீனாவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் செத்துட்டீங்க" என்றேன். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஆட்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாதை அறுந்து அங்கே மாட்டியிருக்கிறார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பாதையைத் திறந்தால்தான் பெண்சாதியைப் பார்க்கலாம் என்று, ஆள் சேர்த்தபோது இவரும் சேர்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறார், பத்து நாளாக. பிறகு சின்ன வழி திறந்ததும் ஏன் வரவில்லை என்றால், "கை நெறைய ஏதாவது கொண்டு போலாம்னு இன்னும் ரெண்டு நாள் நின்னேன் மாமா" என்று தலையைச் சொறிகிறார். அறைந்தால் என்ன என்று தோன்றியது. மாப்பிள்ளையை அறைய வழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை இவரைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். செத்தவனைத் தேடிப் போகிறவன், உயிரோடு இருப்பவர்கள் முகத்தை எதற்குப் பார்க்கப் போகிறான்?

கல்லுமலைச் செய்தியைச் சொன்னேன். காளியாயி என்றதும் தலையில் இருந்த சாக்கைக் கழற்றினார். கல்யாணமான புதிதில் இவர்கள் அடுப்புக்கு முதல் நெருப்பு அவள் கொடுத்ததாம்.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்று வீடு சேர்ந்தோம். மீனம்மா வாசலில் வந்து அவரைப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செல்லசாமி இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மானஸ்தன்.

ஜனவரி 6, திங்கள்

பேப்பருக்குக் காகிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்து நாலாவது முறை. செத்தவர் ஏழு பேர், பெயர்கள் இவை, குழிகளை நானே எண்ணினேன் என்று. நானே பையில் போட்டு நானே சுமந்து போனேன்.

திரும்பும் பையில் மாப்பிள்ளை நானுஓயாவில் யாரையோ கொண்டு எழுதிப் போட்ட தபால் அட்டை: 'நான் சுகம், பயப்பட வேண்டாம்.' டிசம்பர் 26 தேதி. சுமந்து வந்தவன் நான்தான்.

ஜனவரி 8, புதன்

பெண் குழந்தை. காலை பத்து மணி. தாயும் பிள்ளையும் சுகம்.

ஜனவரி 12, ஞாயிறு

மாப்பிள்ளை கல்லுமலைக்குப் போய், பேர் வெட்டிய செக்ரோலில் மறுபடி பேர் போடச் சொல்லித் துரை முன்னால் நின்றாராம். போட்டுவிட்டார்கள். லயத்துக்குப் பதிலாக இப்போது தகரக் கொட்டில்.

ஜனவரி 19, ஞாயிறு

பேப்பர் போட்டிருக்கிறது. ஐந்தாம் பக்கம், தைல விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. 'கல்லுமலைச் சேதம் முன்னர் அறிவித்ததிலும் குறைவு எனத் தெரியவருகிறது.' பெயர் ஒன்றும் இல்லை. உயிரோடு இருப்பவர் பெயரும் இல்லை, செத்தவர் பெயரும் இல்லை.

அந்திக்கு லயத்து வாசலில் அந்த இரண்டு வரியை வாசித்தேன். பிறகு என் தாளை எடுத்து ஏழு பெயரையும் வாசித்தேன். யாரும் தூங்கவில்லை. மறுபடி எழுதப் போகிறேன். முத்திரைச் செலவு என்னுடையது, வெட்கம் அவர்களுடையது.

ஜனவரி 24, வெள்ளி

நேற்றுப் பதினாறாம் நாள், பிள்ளையைத் தொட்டிலில் போட்டோம். மாப்பிள்ளை வந்திருந்தார், இந்தத் தடவை லீவு வாங்கிக்கொண்டு. இன்று பிறப்புப் பதிவுக்காக அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

ஐயா பாரத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார். தகப்பன் என்ற இடத்தில், 'காலஞ்சென்ற சோலைமலை'.

"ஐயா, மாப்பிள்ளை வந்துட்டார்னு அன்னைக்கே வந்து சொன்னேனுங்களே. நீங்க மாதக் கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, தலைய ஆட்டுனீங்க."

"அப்பிடியா? நான் பேப்பர் தினம் பாக்கிறேன், மறுப்பு ஒண்ணும் போடலையேப்பா" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதாரு?"

"சோலைமலைங்க ஐயா" என்றார் மாப்பிள்ளை.

ஐயா கொஞ்ச நேரம் அவரையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடிமட்டத்தை வைத்து 'காலஞ்சென்ற' என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"வெட்டுன எடத்துல சம்பந்தப்பட்ட ஆள் கையெழுத்துப் போடணும். சட்டம்" என்றார்.

மாப்பிள்ளை பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார். மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா சின்னது. நான் உதவப் போகவில்லை.

இறங்கி வரும்போது கேட்டார்: "மாமா, கோட்டுக்கு அடியில அந்த வார்த்த இன்னும் தெரியுதே?"

"தெரியட்டும் மாப்பிள்ளை. பக்கத்துல உங்க கையெழுத்தும் தெரியுதுல்ல?"

பனி இறங்குவதற்குள் வீடு வந்துவிட்டோம். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தூக்கினார்.