நாற்பத்தேழாம் எண் தாள்

ஜூன் 3
காய்ச்சல் வார்டில் இருபது ஆக்சிஜன் படுக்கை. வெளியே அறுபது பேர். பெயர் போடாமல், எண்ணும் மூச்சு அளவும் மட்டும் எழுதிய தாள்களை மேசையில் வைத்து, காலை எட்டு மணிக்கு இரண்டு டாக்டர்களும் தலைமை நர்ஸான நானும் யாருக்குப் படுக்கை என்று முடிவு செய்கிறோம். அந்த எண்களை வாசல் பலகையில் எழுதுகிறேன். "எல்லாம் கண்துடைப்பு. பெரிய இடத்து ஆளுங்களுக்குத்தான் உள்ள இடம்" என்கிறார் நோயாளிகளை இறக்கிவிட வரும் ஓர் ஆட்டோக்காரர். சிபாரிசு கேட்டு வந்த என் கொழுந்தனையே வரிசையில் நிற்க வைத்தவள் நான். யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 5
47-ஆம் எண் தாள், 46-இன் ஸ்டேப்ளர் பின்னில் சிக்கிக் கிடந்திருக்கிறது. காலையில் மேசைக்கே வரவில்லை. அடுக்கியது நான்தான். மாலை நாலு மணிக்குத்தான் கண்ணில் பட்டது. எட்டு மணி நேரம் அந்த மனிதர் பெஞ்சில்! உடனே உள்ளே எடுத்தோம்.

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். "வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் நம்மள நம்பி வர மாட்டாங்க."

அவர் பயமும் நியாயம்தான். ஆனா — மறைச்சு, அப்புறம் தெரிஞ்சா?

ஜூன் 6
பலகையில் எழுதிவிட்டேன்: "நேற்று 47-ஆம் எண் விடுபட்டது. எட்டு மணி நேரத் தாமதம். தவறு என்னுடையது — தலைமை நர்ஸ்." ஒருவர் செருப்பைக் கழற்றினார். போனில் அக்கா, "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற யானைடி நீ" என்றாள்.

ஜூன் 9
47 போய்விட்டார். அவர் மனைவி அழவில்லை. "அந்த எட்டு மணி நேரம் முன்னாடியே எடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். "தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம்" என்றேன். பளாரென்று அறைந்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10
வரிசை பாதியாகிவிட்டது. பாவி, நான்தான் ஜனங்களை விரட்டிட்டேனா? எத்தனை பேர் வீட்டிலேயே மூச்சுத் திணறிக் கிடக்கிறார்களோ.

ஜூன் 14
காலையில் 47-இன் மனைவி வந்து நின்றாள். தோளில் சாய்ந்தபடி அவள் தம்பி, காய்ச்சல். எண் 12. என் கன்னம் தானாகச் சுட்டது.

"எல்லாத் தாளையும் நானே எண்ணிப் பாக்கணும்."

கொடுத்தேன். முப்பத்தொன்று, வரிசையில் இருந்தவர்களின் கணக்கேதான். ஒவ்வொன்றையும் உதறி உதறி இன்னொரு முறை எண்ணினாள். காலியான படுக்கை நாலு, எட்டு மணி முடிவில் தம்பிக்குக் கிடைக்கவில்லை. பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தேன். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். நாலு எண்களையும் அவளே எழுதிவிட்டு, தம்பி பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டோக்காரர் அவளிடம் ஏதோ கேட்டார்.

"எண்ணிட்டேன்" என்றாள். "சரியா இருக்கு."