கல்லுக்கடியில் எத்தனை நாள்?

என் அன்பு மச்சான் மீராசாவுக்கு,

உன் கபுறில் வெளிச்சம் உண்டாகட்டும் என்று துஆ கேட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறேன். துருக்கிக்குப் போய் வந்துவிட்டேன். நீ காய்ச்சலில் மௌத்தாகி, உன்னை அடக்கி ஒரு நோன்புகூட வரவில்லை, அதற்குள் இறைச்சிக்காரர் சங்கத்தில் பயணப் பட்டியலிலிருந்து உன் பெயரை வெட்டி என் பெயரைப் போட்டார்கள். உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்ட மச்சான்?

இந்தப் பயணத்துக்காக எத்தனை காலம் சங்க வாசலுக்கு நடையாய் நடந்தாய்! எல்லாம் உன் பெண்சாதி, என் தங்கச்சி ஜெமீலாவுக்காக. கோடையில் உப்பும் மஞ்சளும் பிரட்டி அவள் கொடியில் போடுகிற மாட்டிறைச்சி இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். மாரி பிடித்தால் அடுத்தவர் வீட்டில் நெல் குத்தத்தான் போவாள். ஹஜ்ஜுப் பெருநாளும் வருடா வருடம் முந்தி முந்தி வந்து மாரிக்குள் விழுந்துவிட்டது. குறிஞ்சாக்கேணிச் சனம் பெருநாளுக்கு அறுத்து, காயவைக்க நம்பிக் கொடுத்த குர்பான் இறைச்சி புழுத்துப்போக, அவள் தலைகுனிந்து நின்றதை நீயும் பார்த்தாய். "வெயில் இல்லாமக் காயவைக்கிற சனம் இருக்குது, போய்ப் பழகிட்டு வாறன்" என்று அவளிடம் சொன்னவன் நீதானே?

போன குழுவைக் கேள். சங்கத் தலைவர், அவருடைய மருமகன், கத்தியே பிடித்தறியாத மூன்று பேர், நான். பள்ளிவாசல் பார்த்தோம், கம்பளக் கடை பார்த்தோம், போன இடமெல்லாம் தேத்தண்ணி குடித்துப் படம் எடுத்தோம். இறைச்சி எங்கே என்று கேட்டால், "பொறுங்க காசிம், எல்லாம் வரும்" என்பார் தலைவர்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள்தான் வந்தது. இறைச்சி பதப்படுத்துகிற ஒரு பெரிய கொட்டில். அதன் சொந்தக்காரர், தடித்த மீசைக்காரர், ஸலாம் சொல்லி வரவேற்றார். சிவப்புக் களி பூசிக் காய்ந்திருந்த இறைச்சியை மெல்லிசாகச் சீவி நீட்டினார். சமைக்காமல் அப்படியே தின்பதாம். நம்முடைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். தலைவர் மொழிபெயர்ப்பாளனிடம், "பச்சை இறைச்சி தின்ன ஏலாது. பொரிச்சுத் தரச் சொல்லுங்க" என்றார்.

மீசைக்காரரின் முகம் கறுத்துவிட்டது. நம் வீட்டு விருந்தை ஒருவன் இப்படித் தள்ளினால், அவனுக்கு நாம் தொழில் சொல்லிக் கொடுப்போமா?

எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள், மொழிபெயர்ப்பாளனும் பின்னாலேயே போய்விட்டான். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மீசைக்காரர் என்னையே பார்த்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே உப்பிட்ட இறைச்சி பலகைகளுக்கு நடுவில் கிடந்தது, மேலே கருங்கல் பாரம். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வெயிலே இல்லை மச்சான்! வெந்தயமும் உள்ளிப்பூண்டும் அரைத்த களியை மோந்து பார்க்கத் தந்தார். கல்லுக்கடியில் எத்தனை நாள்? எப்போது புரட்டுவது? களி எப்போது பூசுவது? ஸலாமைத் தவிர எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல் இல்லை. கையால் காட்டிக் கேட்கப்போன நேரம் பஸ் ஹோர்ன் அடித்தது. தலைவரின் மருமகன் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். கம்பளக் கடையைப் பூட்டிவிடுவார்களாம்!

இப்போது தலைவர் மூதூரில் ஒரு கூட்டம், கந்தளாயில் ஒரு கூட்டம் என்று பயண அனுபவம் பேசித் திரிகிறார். இங்கே மழை விடவில்லை. ஜெமீலா குசினிக்குள் பலகை போட்டு, அம்மியையும் குழவியையும் பாரம் ஏற்றினாள். முதல் தரம் நாறிப்போனது. இரண்டாம் தரம் பூஞ்சணம் பிடித்தது.

"கல்லுக்குக் கீழ எத்தின நாள் வைக்கணும் காக்கா?" என்று அண்ணன் என்னைக் கேட்டாள்.

"தெரியா புள்ள."

"கேக்கல்லையா?"

"கேக்க உடல்ல."

அவள் இறைச்சியைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். "அவரு போயிருந்தா, பஸ்ஸ உட்டுட்டுக் கேட்டிருப்பாரு" என்றாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மண்வெட்டியை வாங்கி மீதி மண்ணை நான் தள்ளினேன்.

ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். ஒரு நாள் கூட்டி, ஒரு நாள் குறைத்து, எத்தனை தரம் கெட்டாலும் அந்த நாள் கணக்கைக் கண்டுபிடிப்பேன். இறைச்சி நான் கொண்டுவந்து கொடுப்பேன், அவள் இனி யார் வீட்டு உலக்கையும் பிடிக்கமாட்டாள். ஆனால் குழி தோண்டும்போதெல்லாம் உன்மேல்தான் கோபம் வருகிறது. நீயல்லவா போயிருக்க வேண்டும்?

உன் இடத்தில் போய்வந்த,
ஜெமீலாவின் காக்கா, உன் மச்சான்
காசிம்