சுவரில் மாட்டிய கண்ணாடி

12-8-1961, சனி

இன்று டாக்டர் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே டார்ச் லைட்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "வெளிச்சத்துக்குக் கண்ணு போகுதும்மா. ஆனா யாரு எவருங்கிற ஞாபகமெல்லாம் போயிருச்சு" என்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்குப் பேச்சும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்த மூலையை எதுக்குங்க பாக்குறாரு?" என்று கேட்டேன். சாய்த்து உட்கார வைத்தால் எதிர்ச் சுவரையே பார்ப்பார். அவ்வப்போது கண் மட்டும் இடதுபக்கம் மேலே போய்த் திரும்பும். அங்கே ஒன்றுமே இல்லை. டாக்டர் பையை மூடினார்.

சாயங்காலம் இவருக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறும்போதுதான் பிடிபட்டது. பஸ்ஸில் டிரைவர் பின்னால் பார்க்கும் கண்ணாடி அந்தப் பக்கம்தான் இருக்கும். அறந்தாங்கிக்கு, என் பிறந்த வீட்டுக்கு, இவர் ஓட்டுகிற பஸ்ஸில் போகும்போதெல்லாம், எனக்கு உட்கார இடம் கிடைத்ததை அதில் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார்.

முகம் பார்க்கும் கண்ணாடியை அந்த மூலையில் சாய்த்து மாட்டிவிட்டு, மறுபடி பின்னால் போய் உட்கார்ந்தேன். கண் மேலே போனது. என்மேல் வந்து நின்றது. நகரவேயில்லை. "எடம் கெடைச்சிருச்சுங்க, வண்டியை எடுங்க" என்றேன்.

கண் சுவருக்குத் திரும்பியது. இவர் தூங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்புறம் மேலே போகவேயில்லை. நடுவில் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்துவிட்டேன்; அப்போதும் போகவில்லை.

இடம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.