பதினாறாம் எண் வீடு காலியாக இல்லை

அண்ணாச்சி, உங்களை அடித்துக் கொன்றார்கள். 'முதியவர் படியில் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தகவல் கேட்டு நான் போட்ட மனுவுக்கு இன்று காலை வந்த பதிலில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. தாள் பறக்காமலிருக்க, மதினி கொடுத்த உங்கள் வீட்டுச் சாவியை அதன்மேல் வைத்திருக்கிறேன். அந்தச் சாவிக்குக் கதவு இல்லை.

வெள்ளம் குடிசைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஆற்றுக்கு மேட்டில் அரசு முதன்முதலாகக் கட்டித் தந்த மாடி வீடுகள் நம்முடையவை. குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்தோம். உங்களுக்குக் கீழ்த்தளத்தில் நான்காம் எண், எனக்கு மாடியில் பதினாறு. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைக் குடம்தான் முடிவு செய்தது. அது பொறுக்காமல் முதல் வருடமே இரண்டு மண்டை உடைந்தது. பிறகு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகிவிட்டோம்.

"ஏலே, முட்டுவலியோட ஒம் பொண்டாட்டி எத்தன நாளைக்குப் படியேறுவா? நீ கீழ வா, நான் மேல போறேன்" என்றீர்கள்.

"பேப்பர்ல எம்பேருல்லா இருக்கு, அண்ணாச்சி?"

"பேப்பரா லே குடியிருக்கப் போவுது?"

சாவியை மாற்றிக்கொண்டு ஒரு காப்பி குடித்தோம். குடியிருப்பில் பாதிப் பேர் இப்படித்தான் மாறினார்கள். அலுவலகத்தில் போய் ஒருவரும் சொல்லவில்லை.

வருடங்கள் ஓடிப் பழசாகிப்போன கட்டடத்தை இடித்துப் புதிது தருவோம் என்று ஒரு வாரம் தவணை சொன்னவர்கள் மூன்றாம் நாளே வந்தார்கள். அதிகாரி முற்றத்தில் நின்று பட்டியலை வாசித்தார். பதினாறுக்கு என் பெயரைக் கூப்பிட்டார். "நான் இங்கன கீழ நாலுல இருக்கேன் சார்!" என்று கத்தினேன். அவர் தலை நிமிராமல் 'பதினாறு காலி' என்று எழுதினார்.

இடிக்க வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நால்வர் கம்பியோடு மேலே ஏறினார்கள். நீங்கள் வாசலில் கைகளை விரித்து நின்றீர்கள்.

"வீடு காலின்னு எழுதியாச்சு. தள்ளும் வே."

"அப்போ ஒங்கிட்ட பேசுதது பேயாலே?"

ஒருவன் சிரித்துவிட்டான். சிவப்புத் துண்டு கட்டியவன் சிரிக்கவில்லை. முதல் அடி வலது கையில். எலும்பு முறிந்த சத்தம் முற்றம்வரை கேட்டது. இடது கையால் கதவு நிலையைப் பிடித்தீர்கள். இரண்டாவது அடி தலையில். அதற்குப் பிறகுதான் படி. பதினான்கு படியும் உருண்டு என் காலடியில் வந்து கிடந்தீர்கள். உங்கள் தலையை மடியில் எடுத்தேன், வேட்டி முழுக்க ரத்தம். முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்த பொக்லைனை அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை.

"வயசான காலத்துல விடும் வே" என்று தெரிந்தவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். விடமாட்டேன். நாலாம் வகுப்போடு நின்றவன், மனு எழுதியே எழுத்துப் பழகியவன் நான்.

அதிகாரி 'பதினாறு காலி' என்ற வரியை அடித்துவிட்டு, பதினாறில் ஆள் இருந்தது என்று தன் கையால் எழுத வேண்டும். சிவப்புத் துண்டுக்காரனை ஒப்பந்தக்காரர் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் மதினிக்குக் கீழ்வீடு கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் மாறியிருக்கிறது என்று இனி அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அன்று சன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்த ஏழு வீட்டாரும் வாயைத் திறக்க வேண்டும். நான் திங்கள்கிழமை காவல் நிலையத்துக்குப் போய், காலி என்று எழுத வைத்த குரல் என்னுடையது என்று சாட்சி சொல்லி முதல் கையெழுத்துப் போட வேண்டும்.