சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம்

மேஸ்திரி,

நேற்று நம் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த மன்றத் தீர்மான நகலைப் படித்தேன். சிறுபாலத்திலிருந்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு வரையிலான துண்டுச் சாலை, பேரூராட்சியின் சாலைப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுவிட்டது. செயல் அலுவலரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒட்டிய பசை காயாத வாடையில் நின்றபோது, இதை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. மாசியில் இறந்துபோனீர்கள், எட்டு மாதமாகிறது.

எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் ரோடு என்றால் ரோடு. தார் போடும் ஆட்களுக்கு மேஸ்திரியான நீங்களோ, எது நெடுஞ்சாலைத் துறையுடையது, எது ஊராட்சி ஒன்றியத்துடையது, எது பேரூராட்சியுடையது என்று நடந்துகொண்டே சொல்வீர்கள். அந்தத் துண்டு மட்டும் யாருடையதும் இல்லை. பேரூராட்சிப் பதிவேடு சிறுபாலத்தில் முடிந்தது. ஒன்றியத்தின் பதிவேடு குடியிருப்பைத் தாண்டித் தொடங்கியது. புதுவாயல் வழியாக வரும் கம்பெனி பஸ் பாலத்திலேயே திரும்பிவிடும். காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் பாலம் வரை குழிகளுக்கு நடுவே நடந்தார்கள். உங்கள் மனைவியும் அவர்களில் ஒருவர்.

அதனால் ஊருக்குள் வேலை முடிந்ததும், மிஞ்சிய தார்க்கலவையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குழிகளில் கொட்டி இடித்துச் சமன் செய்துவிடுவீர்கள். அது உங்களுக்கு யாரும் இட்ட வேலை இல்லை.

குடியிருப்புக்காரர்களின் மனுக்கள் ஏன் நகரவில்லை என்று தேடியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு அலுவலகக் கோப்பிலும் ஒரே குறிப்பு: சாலை பராமரிப்பில் உள்ளது. புது ஒட்டுகளைப் பார்த்த பேரூராட்சி, ஒன்றியம் போட்டது என்று நினைத்தது. ஒன்றியம், பேரூராட்சி போட்டது என்று நினைத்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இதைச் சொன்னேன். நாஷ்டா தட்டைத் தள்ளி வைத்தீர்கள்.

“அப்போ நான் போட்ட தாரே எங்க ஜனத்துக்கு ஆப்பு வெச்சிகினு இருந்துதா, சார்?”

அந்த மழைக்காலம் முழுக்க அங்கே கை வைப்பதில்லை என்று முடிவு செய்தீர்கள். எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தச் சேற்றில் நடந்தது நான் இல்லை. குடியிருப்பில் சிலர் உங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் உங்கள் வாசலில் நின்றபோது உங்கள் மனைவி என்னிடமே கேட்டார்: “ஊருக்கெல்லாம் தார் ஊத்துறாரு. பொண்டாட்டி செருப்பக் கையில புட்ச்சிக்கினு போவணும். கேட்டா, ஆபீசரு வந்து பாக்கணுமாம். நல்லாக்குதா சார்?”

கார்த்திகையில் ஒரு மாலை வண்டியில் கலவை மிஞ்சியிருந்தது. நீங்கள் பாலம் வரை வந்தீர்கள், நின்றீர்கள், திரும்பிப் போனீர்கள். அதை நான் செய்தியில் எழுதவில்லை. குழிகளின் படத்தையும் அந்த இரண்டு குறிப்புகளையும் மட்டும் பத்திரிகையில் அருகருகே போட்டோம்.

மழை விடுவதற்குள் இரண்டு அலுவலகப் பொறியாளர்களும் சேர்ந்தே வந்தார்கள். அளவு டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடித்தீர்கள். இத்தனை நாள் இதை யார் பார்த்துக்கொண்டது என்று ஒருவர் கேட்டார்.

“எங்க ஊட்டுக்காரருதான்,” என்றார் உங்கள் மனைவி. “மிஞ்சினத கொட்டுவாரு. இந்த மழைக்கு நிறுத்துனாரு, நீங்க வந்துக்கிறீங்க.”

இப்போதெல்லாம் சாலையைப் பற்றி எழுதப் போனால், குழியை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. நன்றாக இருக்கும் இடத்திலும் நின்று, அது யார் கைவேலை என்று விசாரிக்கிறேன்.

ஒப்பந்தப்புள்ளி அடுத்த மாதம் திறக்கப்படும் என்கிறார் செயல் அலுவலர். மழை ஓய்ந்து தை மாதத்தில் தார் போடுவார்கள். பஸ்ஸைக் குடியிருப்பு வரை விடுவது பற்றிக் கம்பெனி இன்னும் எழுத்தில் தரவில்லை. வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனைவியிடம் இவ்வளவையும் சொன்னேன். முதல் நாள் டிரைவருக்குப் பின்சீட்டு தனக்குத்தான் என்று மற்ற பெண்களிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.