காற்று மெஷின்

செவ்வாய், ராத்திரி

மில்லில் போர்வெல் வற்றிவிட்டது. தண்ணீருக்குப் பதில் காற்று மெஷினில்தான் தாதுக்கல்லைப் பிரிக்கிறார்கள். கனமான தாது கீழே தங்கும். லேசான கழிவுத் தூள் மேலே பறக்கும். பறப்பதெல்லாம் மெஷின் ஓட்டும் நைனாவின் நெஞ்சுக்குள் போகிறது. எக்ஸ்ரே பார்த்த திருப்பதி டாக்டர், தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் நைனா தூள் படிந்து வெள்ளையாக வந்து நின்றார்.

"என்னா நைனா, பவுடர் பூசிக்கினு பொண்ணு பாக்கப் போறியா?" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவர் இருமி இருமித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னை முறைத்தாள்.

"நாளைக்கு லீவு போடு நைனா."

"மழ வந்தா தண்ணி மெஷின் ஓடும்டா. அதுவரைக்கும் சமாளிச்சிக்கிறேன்."

அவர் தூங்கினதும் பைக்கின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். நான் செய்ததிலேயே எனக்குச் சிரிப்பு வராத குறும்பு இதுதான். படுத்த பிறகுதான் உறைக்கிறது, மில் அப்படியொன்றும் தூரமில்லை. நடந்தே போய்விடுவார்.